மூலைப் பொத்தான்

அக்கா, அந்தக் கூடையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், கூடை மேல் எனக்கு ஒன்றும் இல்லை. என் மடியில் இருக்கிற லேப்டாப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது. பஸ் குலுங்குகிற குலுக்கலில் கூடையின் காது அதில் இடித்தால் எல்லாம் போச்சு. இதோ, வலது பக்கம், மேல் மூலை. தொடாதீர்கள்! காட்டினால் தொடச் சொன்னதாக அர்த்தம் இல்லை. யாரிடம் காட்டினாலும் முதலில் தொட்டுத்தான் பார்க்கிறார்கள்.

நான் அமிர்தவல்லி. அருப்புக்கோட்டையில் ஒரு மாடியில் திருமணத் தகவல் மையம் வைத்திருக்கிறேன். பெண் வீட்டார் வருவார்கள், மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், விவரம் சொல்வார்கள். நான் பயோடேட்டா அடித்துக் கொடுப்பேன். யாருக்கு யார் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வேன். பத்து வருடமாக இதுதான் வேலை. பத்து வருடத்தில் என் டைப்பிங்கில் ஒரு பிழை கண்டுபிடித்தவர் கிடையாது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் நான். கீபோர்டைப் பார்க்கவே மாட்டேன். கண் திரையில் இருக்கும், விரல் தன் பாட்டுக்குப் போகும்.

போன தீபாவளிக்குப் பழைய கம்ப்யூட்டர் புகைந்து போனது. தை பிறந்ததும் இதை வாங்கினேன். கோயம்புத்தூரில் ஏதோ ஒரு கம்பெனியை மூடும்போது மொத்தமாக விற்றார்களாம், அதில் ஒன்று. பார்க்க நல்ல லட்சணமாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எல்லா கீபோர்டிலும் அந்த மூலையில் என்ன இருக்கும்? எழுத்தை அழிக்கிற பேக்ஸ்பேஸ் இருக்கும். இதில் அந்த இடத்தில் மிஷினையே அணைக்கிற பவர் பொத்தானை வைத்திருக்கிறான். அதே அளவு, அதே கறுப்பு, அதே வழவழப்பு. பேக்ஸ்பேஸைப் பாதியாக வெட்டி அதற்கு இடது பக்கம் செருகிவிட்டான். இதைச் செய்தவனுக்குச் சுண்டுவிரல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

என் வலது சுண்டுவிரல் பத்து வருடமாக மூலைக்குப் போய்ப் பழகியது. மூலைக்குப் போகும், அமுக்கும், திரை கறுத்துவிடும். தூங்குவது இல்லை அக்கா, முழுசாக அணைந்துவிடும். சேமிக்காதது எல்லாம் போய்விடும். மறுபடி எழுந்திருக்க நாலு நிமிடம். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன், நாலு நிமிடம். மழை நாளில் நாலேகால்.

ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தடவை அணையும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், இருபது தடவை.

ஏன் சிரிக்கிறீர்கள்? பிழையே விடாதவளுக்குப் பேக்ஸ்பேஸ் எதற்கு என்றா? அது சும்மா ஒரு பழக்கம் அக்கா. சிலர் பேசும்போது மூக்கைத் தொடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி.

பிரிண்டர் பார்க்க வந்தவர் ஒருநாள், "செட்டிங்ஸ்ல போயி அந்தப் பட்டனை வேலை செய்யாம பண்ணிரலாம்மா, ஒரு நிமிஷ வேலை" என்றார். "ஒன்றும் வேண்டாம், எனக்கு விரல் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். ஒரு பொத்தானிடம் தோற்றுப்போகவா நான் ஹையர் படித்தேன்?

முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன், கேளுங்கள். பந்தல்குடியிலிருந்து ஒரு அம்மா மகனுக்குப் பார்க்க வந்திருந்தார். அடுத்த நாற்காலியில் பாளையம்பட்டிக்காரர் ஒருவர், மகளுக்காக. அவர் முறை வரவில்லை, காத்திருந்தார். நான் அந்த அம்மாவிடம் பையனுக்கு வயது என்ன என்று கேட்டேன்.

"முப்பத்தொண்ணு."

அடித்தேன்.

"இல்ல இல்ல, முப்பத்திரெண்டு நடக்குது."

அழிக்கப் போனேன். திரை கறுத்தது. நாலு நிமிடம் உட்கார்ந்திருந்தோம். மறுபடி பெயரிலிருந்து ஆரம்பித்தேன். வயது வந்தது.

"முப்பத்திரெண்டு. எதுக்கும் முப்பத்து மூணுன்னு போட்டுக்கோ."

மறுபடி கறுத்தது. மூன்றாவது தடவை கேட்டபோது அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பத்தி நாலும்மா, முப்பத்தி நாலு! எத்தன வாட்டிதான் ஒருத்தி சொல்லுவா!"

பக்கத்தில் இருந்த பாளையம்பட்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "நானும் எம்மகளுக்கு ரெண்டு வயசு குறைச்சுச் சொல்லலாம்னுதான் வந்தேன். இந்த மிஷினுகிட்ட நம்ம பருப்பு வேகாது போலிருக்கே."

நான் கவனித்திருக்கிறேன் அக்கா. முதல் தடவை சொல்லும்போது எல்லோரும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோதான் சொல்வார்கள். மூன்றாவது தடவை சொல்லும்போது யாருக்கும் பொய் சொல்லச் சோம்பலாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் டீ போட்டுக் கொண்டுவந்தார். அவருக்கு அது ஒரு பழக்கம், திரை கறுத்தால் அடுப்பைப் பற்றவைப்பார். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். அந்த அம்மா, "ஒங்க மக என்ன செய்றா?" என்று கேட்டார். அவர் சொன்னார். "எம்மவன் குறட்டை விடுவான், அதையும் சொல்லிப்புடுறேன்" என்றார் இந்த அம்மா. "எம்மக காதுல பஞ்ச வச்சிக்கிட்டுத்தான் தூங்குவா, எங்க வீட்ல நான் விடுற குறட்டைக்கு" என்றார் அவர். மிஷின் எழுந்திருக்கும்போது இரண்டு பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள், விவரம் சொல்லுங்கள்" என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் இரண்டு பேரும் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார்கள்.

எதனால் என்கிறீர்கள்? என் பயோடேட்டா அப்படி. அன்றைக்குத்தான் தலைப்பை இரண்டு அளவு பெரிதாக்கித் தடித்த எழுத்தில் வைத்தேன்.

தையிலிருந்து சித்திரைக்குள் ஏழு கல்யாணம் அக்கா, ஏழு! பத்து வருடத்தில் அப்படி ஒரு பருவம் வந்ததில்லை. எங்கள் மாடிப்படியில் செருப்பு வைக்க இடம் இருக்காது. உள்ளே கல்யாண வீடு மாதிரி சத்தம். ஒருவர் தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசுவார், ஒருவர் மருமகள் எப்படி இருக்கக் கூடாது என்று சொல்வார், அதைக் கேட்டு இன்னொருவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவார். போனவர் அங்கே வேறு யாரையாவது பிடித்துக்கொள்வார்.

ஆனால் எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? வந்தவர்கள் முன்னால் தினம் பத்துத் தடவை மிஷின் செத்துப்போனால் எப்படி இருக்கும்? ஒரு மாப்பிள்ளையின் சித்தப்பா, "என்னம்மா, எங்க பையன் சம்பளத்தக் கேட்டதும் மிஷினு மயக்கம் போட்டுருச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன்: இந்த மூலையைப் பழகியே தீருவேன்.

முதலில் அந்தப் பொத்தான் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் நான்தான் கீபோர்டைப் பார்க்கவே மாட்டேனே! பொட்டு வைத்த பொத்தானை அமுக்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் கைக்குத் தட்டுப்படட்டும் என்று ஒரு புளியங்கொட்டையை ஒட்டினேன். நல்ல யோசனைதான். ஆனால் லேப்டாப்பை மூடும்போது திரை அந்தக் கொட்டையை அமுக்கியது, கொட்டை பொத்தானை அமுக்கியது. மூடினால் அணைகிறது, அணைத்துவிட்டு மூடினால் எரிகிறது. மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டு வந்தால் உள்ளே தானாக எழுந்து 'டிங்' என்று சத்தம் போடுகிறது. என் வீட்டுக்காரர், "வல்லி, டிராயருக்குள்ள யாரோ கூப்பிடுறாங்க" என்பார்.

மூன்றாவதாகத்தான் சரியான வழியைப் பிடித்தேன். சுண்டுவிரலை மோதிர விரலோடு சேர்த்து ரிப்பனால் கட்டிவிட்டேன். நாள் முழுக்க. சமைக்கும்போதும், தலை வாரும்போதும், துணி காயப்போடும்போதும். விரல் மூலைக்குப் போகாமல் இடது பக்கம் ஒதுங்கக் கற்றுக்கொள்ள வேண்டும் இல்லையா? ஒரு மாதம். சித்திரை வெயிலில் ரிப்பனுக்குள் விரல் வெந்துபோனது, நான் விடவில்லை. அவிழ்த்த பிறகும் விரல் அந்தப் பக்கமே ஒதுங்கி நின்றது. பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்கினால், உள்ளங்கையில் நிற்காமல் விரல் சந்து வழியாக முழங்கைக்கு ஓடியது. பட்டர் இரண்டாவது தடவை ஊற்றினார். மூன்றாவது தடவை என் கையையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கை ஏதாவது அடிபட்டுருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை சாமி, கீபோர்டு" என்றேன்.

வைகாசி பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அடித்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட மிஷின் அணையவில்லை! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது என் வேகத்தைப் பாருங்கள்: ஆள் வந்து உட்கார்ந்தால் ஆறு நிமிடம். விவரம், பிரிண்ட், வணக்கம். சொன்னது சொன்னபடி ஏறிவிடும், இரண்டாம் தடவை கேட்கிற வேலையே கிடையாது. நாற்காலி சூடாவதற்குள் ஆள் படியிறங்கிவிடுவார். காத்திருப்பவர்கள் அவரவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பார்கள். டீ கிடையாது, சத்தம் கிடையாது. ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம்.

வைகாசியில் ஒரு கல்யாணம்கூட அமையவில்லை அக்கா.

ஆனியிலும் இல்லை.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. குருப்பெயர்ச்சி என்று நினைத்தேன், ஒரு விளக்கு போட்டேன். பிரிண்டர் மை வெளுத்திருக்கிறது என்று நினைத்தேன், மாற்றினேன். சுவரில் அடித்த நீலம் ராசியில்லை என்றார்கள், ரோஸ் அடித்தேன். வந்தவர்கள் பயோடேட்டாவை வாங்கிக்கொண்டு போகிறார்கள், போனவர்கள் திரும்பி வரவில்லை. பெண் வீட்டுக்குப் போன் போட்டால், "பையன் வயசு பேப்பர்ல ஒண்ணு, நேர்ல ஒண்ணா இருக்கே" என்கிறார்கள். நான் என்ன செய்ய? சொன்னதை அடித்தேன்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் டீப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே சொன்னார்: "வல்லி, நீ பழையபடி அந்த மூலையவே அமுக்கேன்."

இருபது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவர் பேசுகிற பேச்சா இது? ஒரு மாதம் விரலைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்! இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "எதற்காக அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, டீ போட்டு ரொம்ப நாளாச்சு" என்றார். அவருக்கு அவர் டீதான் முக்கியம்.

ஊரார் கல்யாணம் நின்றால்கூடத் தாங்கிக்கொள்வேன் அக்கா. என் தம்பி பரஞ்சோதிக்கு இன்னும் அமையவில்லை. அதுதான் என் கவலை. வயது முப்பத்தாறு. எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான், கை சுத்தமான வேலைக்காரன். "ஊருக்கெல்லாம் பார்க்கிறாளே, கூடப் பிறந்தவனுக்கு ஒன்று பார்க்க முடியவில்லையா?" என்று எங்கள் பெரியம்மாவே படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அவன் அதைக் கேட்டுவிட்டான். போன வெள்ளிக்கிழமை பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து வாசலிலேயே நின்றான். "அக்கா, ஆடி பொறக்குறதுக்குள்ள அமையலைன்னா எம்பேர அந்தப் பெட்டியிலேருந்து எடுத்துரு. இனிமே யாருக்கும் என்னைய டைப் அடிச்சுக் குடுக்காத. நான் இப்படியே இருந்துக்கிறேன்" என்றான். அவன் ஒரு வருடத்தில் பேசுகிற பேச்சு அது. அவ்வளவையும் ஒரே மூச்சில் பேசிவிட்டான்.

ஆடிக்கு இன்னும் ஒன்பது நாள். ஆடியில் யார் பெண் பேசுவார்கள்?

அவனுக்கு என்ன குறை என்கிறீர்கள்? ஒன்றும் இல்லை. இதோ திரையில் பாருங்கள், பதினொன்றாவது தடவையாகத் திருத்தி அடித்திருக்கிறேன். 'நற்குணம், நல்ல உயரம், சொந்தத் தொழில், தீய பழக்கங்கள் இல்லை.' ஒரு பிழை உண்டா? மேலே பிள்ளையார் படம்கூட வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. படித்து மடித்து வைத்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு இடத்துக்குப் பெண் பார்க்கப் போனோம், அது இரண்டு வருடத்துக்கு முன்னால். பெண் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். பஜ்ஜி வருகிறது. பெண் வரப்போகிறது. இவன் காதைத் தீட்டிக்கொண்டு எதையோ கேட்கிறான். திடீரென்று பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "கிணத்து மோட்டார் எத்தனை ஹெச்.பி.?" என்று கேட்டான். அன்றைக்கு அவன் பேசியது அது ஒன்றுதான். "அஞ்சு" என்றார் அவர். இவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். முக்கால் மணி நேரம். பெண் வந்து நின்றுவிட்டுப் போய்விட்டாள். இவன் வேட்டியெல்லாம் கிரீஸோடு வந்து, கை கழுவத் தண்ணீருக்குச் சைகை காட்டினான். பஜ்ஜியைத் தொடவில்லை. மறுநாள் சொல்லி அனுப்பினார்கள்: மோட்டார் நன்றாக ஓடுகிறதாம், மாப்பிள்ளை வேண்டாமாம்.

சிரியுங்கள், பரவாயில்லை. இதையெல்லாம் பயோடேட்டாவில் போட முடியுமா? அதனால்தான் யாரிடமும் சொல்வதில்லை.

அதற்குத்தான் இன்றைக்கு மதுரைக்குப் போகிறேன். இதைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கப் போகிறேன். கடைக்காரரிடம் போனில் பேசிவிட்டேன். அதில் பேக்ஸ்பேஸ் மூலையிலேயே இருக்கிறதாம். பத்து வினாடியில் எழுந்துவிடுமாம், அக்கா, பத்தே வினாடி! யாரும் ஒரு நிமிடம் சும்மா உட்கார வேண்டாம். என் வீட்டுக்காரர் பஸ் ஏற்றிவிடும்போதுகூட, "வல்லி, மெதுவா எந்திரிக்கிறதே இருக்கட்டுமே" என்றார். அவருக்குப் பழைய சாமான் எதையும் விட மனசு வராது. கொடுப்பதற்கு முன்னால் தம்பியின் பயோடேட்டாவைக் கடைசியாக ஒரு தடவை சரிசெய்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் பஸ்ஸிலும் அடித்துக்கொண்டிருக்கிறேன். 'நல்ல உயரம்' என்பதை 'கம்பீரமான உயரம்' என்று மாற்றலாமா என்று ஒரு யோசனை. காரியாபட்டி இன்னும் வரவில்லையா? அப்படியானால் நேரம் இருக்கிறது. 'நல்ல'வை எடுத்துவிட்டு...

ஐயோ!

இந்த டிரைவருக்கு வேகத்தடை கண்ணுக்குத் தெரியாதா? பார்த்தீர்களா அக்கா, தூக்கிப் போட்ட போடில் விரல் மூலைக்குப் போய்விட்டது. வைகாசி பத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான். போச்சு. பதினொன்றாவது திருத்தம் மொத்தமும் போச்சு. இனி நாலு நிமிடம் இந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அக்கா, உங்கள் கூடையில் அது என்ன, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய நோட்டு? ஜாதகமா? ஏறினதிலிருந்து உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், இதுவரைக்கும் நான் பார்க்கவே இல்லையே!

யாருக்கு, மகளுக்கா? மதுரையில் ஜோசியரைப் பார்க்கப் போகிறீர்களா? எந்த ஊர் உங்களுக்கு? திருச்சுழியா! இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டா? வயது என்ன? இருபத்தெட்டா. என்ன, முப்பதா? சரியாகச் சொல்லுங்கள், முப்பத்தொன்றா? இருக்கட்டும், இருக்கட்டும். அதனால் என்ன?

என் தம்பி பஜ்ஜியைத் தொடாததா? கோபத்தில் எல்லாம் இல்லை அக்கா, கூச்சம்தான். பஜ்ஜி என்றால் அவனுக்கு உயிர். அன்றைக்கு வழியில் ஒரு கடையில் நிறுத்தி எட்டுச் சாப்பிட்டான். குடிப்பதா? அவனா? சோடா குடித்தால்கூடக் கண்ணில் தண்ணீர் வரும் அவனுக்கு.

இருங்கள், நாலே நிமிடம். மிஷின் எழுந்ததும் எல்லாவற்றையும் ஒழுங்காக, வரிசையாகக் காட்டுகிறேன். அதுவரைக்கும் சும்மா பேசிக்கொண்டிருப்போம். உங்கள் மகள் என்ன செய்கிறாள்?

மாவு மில்லா? அவளேவா நடத்துகிறாள்? அப்பாவுக்கு அப்புறம் அவளே பார்த்துக்கொள்கிறாளா, பெல்ட்டும் அவளே மாட்டுவாளா? அடடா. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மில்லை மூடச் சொல்கிறார்களா? இவள் மூட மாட்டேன் என்கிறாளா? தலையில் மாவோடு வந்து நின்றாள் என்று ஒருவன் எழுந்து போனானா? போகட்டும் அக்கா, அவன் எதற்கு நமக்கு? என் தம்பி தலையைப் பார்க்கிற ஆளே இல்லை.

என்னது, மோட்டார் வேறு மாதத்துக்கு இரண்டு தடவை புகைகிறதா? யாரிடம் கொடுத்தாலும் சரியாக வரவில்லையா?

என்ன அக்கா காட்டுகிறீர்கள்? ஓ, மிஷினா? எழுந்துவிட்டதா? எழுந்தால் எழுந்துவிட்டுப் போகிறது. இருங்கள், இதை மூடிவிடுகிறேன், வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. கடை எங்கேயும் ஓடிவிடாது.

ஜாதகத்தை அப்புறம் பிரிக்கலாம் அக்கா, நட்சத்திரமும் அப்புறம். முதலில் இதைச் சொல்லுங்கள், நான் அவனுக்கு இப்போதே போன் போடுகிறேன்.

மோட்டார் எத்தனை ஹெச்.பி.?